கொங்கண் பாதை அடைபட்டால் உங்கள் ரயில் எந்த வழியாகப் போகும்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நாகர்கோவில் – காந்திதாம், திருநெல்வேலி – ஜாம்நகர், கோயம்புத்தூர் – ஹிசார் எனத் தமிழ்நாட்டிலிருந்து கிளம்பும் சில ரயில்கள் கேரளத்தைக் கடந்து, மங்களூரு, கோவா, ரத்னகிரி என்று மேற்குக் கரையோரமாகவே வடக்கே போகின்றன. தென்மேற்குப் பருவமழை வலுத்தால் இவற்றுக்கு அடிக்கடி வரும் அறிவிப்பு, "மாற்றுப் பாதையில் இயக்கப்படும்". அதைப் படித்தவுடன் எழும் கேள்விகளுக்கு இங்கே பதில்.

கொங்கண் ரயில் பாதை எங்கே தொடங்கி எங்கே முடிகிறது?

மகாராஷ்டிரத்தின் ரோஹாவில் தொடங்கி, மங்களூருவுக்கு வடக்கே உள்ள தோகூரில் முடிகிறது. சுமார் 740 கிலோமீட்டர். 1998 ஜனவரி 26 அன்று முழுப் பாதையும் நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டது. கட்டிய நிறுவனமான கொங்கண் ரயில்வே கழகமே இன்றும் நடத்துகிறது. தலைமையகம் நவி மும்பையின் பேலாப்பூரில். தோகூருக்குத் தெற்கே தெற்கு ரயில்வே, ரோஹாவுக்கு வடக்கே மத்திய ரயில்வே. எங்கே எந்த அலுவலகத்தின் எல்லை முடிகிறது என்பது பயணிக்கு வேண்டாத விவரமாகத் தோன்றும். ரயில் திருப்பிவிடப்படும் நாளில் அதுதான் உங்கள் தலையெழுத்தைத் தீர்மானிக்கும்.

இந்தப் பாதை ஏன் இத்தனை முறை அடைபடுகிறது?

ஒரு பக்கம் அரபிக்கடல், மறுபக்கம் சஹ்யாத்ரி, அதாவது மேற்குத் தொடர்ச்சி மலை. இடையில் இருக்கும் நிலம் சமவெளி அல்ல. மலையிலிருந்து கடலுக்கு இறங்கும் ஆறுகளும் அவற்றுக்கிடையே நீளும் குன்றுகளும்தான். ஆற்றுக்குப் பாலம், குன்றுக்குச் சுரங்கம், சிறிய மேட்டுக்கு இருபுறமும் வெட்டிய பள்ளம் என்றுதான் பாதை போக முடியும். தொண்ணூறுக்கும் மேற்பட்ட சுரங்கங்கள் இருக்கின்றன. ரத்னகிரிக்கு அருகே உள்ள கர்புடே சுரங்கம் ஆறரை கிலோமீட்டர் நீளம். "கடலோர ரயில்" என்ற பெயரை நம்பி ஜன்னலோர இருக்கை கேட்டு வாங்குபவர்களுக்குக் கடலைவிடச் சுரங்க இருட்டும் செம்மண் சுவரும்தான் அதிகம் கிடைக்கும்.

அந்தச் செம்மண்தான் பிரச்சினை. பல இடங்களில் பாறை இறுகி நிற்பதில்லை. தண்ணீர் ஊறினால் இளகிவிடுகிறது. கோவா எல்லையிலுள்ள பெர்ணெம் சுரங்கம் ஒன்றரை கிலோமீட்டர் நீளம்தான். ஆனால் இளகிய மண்ணில் அதைத் தோண்டி முடிக்கப் பொறியாளர்கள் பட்ட பாடு பெரிது. 2020 ஆகஸ்ட் 6 அன்று அதே சுரங்கத்தின் சுவர் இடிந்து விழுந்து, பல வாரங்கள் ரயில்கள் வேறு வழியில் போயின. 2024 ஜூலை 9, 10 தேதிகளில் அதே சுரங்கத்துக்குள் தண்ணீரும் சேறும் பொங்கி வந்தன. சீர்செய்து முடித்த சில நாட்களிலேயே, ஜூலை 14 அன்று, வடக்கே திவாண்கவடி அருகே சுரங்க வாயிலில் மண் சரிந்தது.

சரி, அடைபட்டால் ரயில் எந்த வழியாகப் போகும்?

முதலில் கேட்க வேண்டிய கேள்வி, "எங்கே அடைபட்டிருக்கிறது?" என்பதுதான். மற்றதெல்லாம் அதிலிருந்தே வரும்.

இவ்வளவு நீளப் பாதையிலிருந்து மலையேறி உள்நாட்டுக்குள் போக நடுவில் ஒரே ஒரு பிரிவுதான் இருக்கிறது: கோவாவின் மட்காவ். அங்கிருந்து குலெம், காசல்ராக் வழியாக மலையேறி லோண்டாவை அடைந்தால், பெலகாவி, மிரஜ், புனே வழியாக வடக்கே போய்விடலாம். தென் முனையில், மங்களூருவுக்குப் பக்கத்திலிருந்து சுப்ரமண்யா ரோடு, சக்லேஷ்பூர், ஹாசன் என்று இன்னொரு மலைப்பாதை. வட முனையில் பன்வெலிலிருந்து கர்ஜத், லோணாவ்லா வழியாகப் புனே. கடலோரத்துக்கும் பீடபூமிக்கும் இடையே இருக்கும் கதவுகள் இவ்வளவே.

ஆகவே, மட்காவுக்கு வடக்கே அடைப்பு என்றால், அதாவது பெர்ணெம், ரத்னகிரி, கேட் (Khed) ஆகிய ஊர்கள் பக்கம் எங்காவது என்றால், ஏற்கெனவே கிளம்பி மட்காவ் பக்கம் வந்துவிட்ட ரயில்களை லோண்டா வழியாகப் புனேக்கு ஏற்றிவிடுவார்கள். இன்னும் கேரளத்தைத் தாண்டாத ரயில்களுக்குக் கதை வேறு. அவற்றைக் கடலோரத்துக்கே அனுப்பமாட்டார்கள். ஷொர்ணூரில் கிழக்கே திருப்பி, பாலக்காடு, போத்தனூர், ஈரோடு, ஜோலார்பேட்டை வழியாகக் கொண்டுவருவார்கள். அங்கிருந்து மும்பை, குஜராத் போகும் ரயில் பெரும்பாலும் ரேணிகுண்டா, குந்தக்கல், வாடி, சோலாப்பூர், புனே என்று போகும். டெல்லி போகும் ரயில் விஜயவாடா, பல்ஹார்ஷா, நாக்பூர் வழி பிடிக்கும்.

மங்களூருவுக்கு அருகிலேயே அடைப்பு என்றால் நிலைமை இன்னும் மோசம். 2019 ஆகஸ்ட் 23 அன்று படீலுக்கும் குலசேகராவுக்கும் இடையே மண் சரிந்தது. இடம் கொங்கண் ரயில்வேயுடையதுகூட அல்ல. தெற்கு ரயில்வேயின் பாலக்காடு கோட்டத்தைச் சேர்ந்தது. ஆனால் கேரளத்திலிருந்து கடலோரமாக வடக்கே போகும் ரயில்கள் அத்தனைக்கும் அந்தச் சிறு துண்டுதான் வாசல். பக்கத்திலேயே தற்காலிகப் பாதை போட்டுத்தான் போக்குவரத்தை மீட்டார்கள்.

ஹாசன் வழியை வைத்துச் சமாளிக்கலாமே என்று வரைபடத்தைப் பார்த்துக் கேட்பவர்கள் உண்டு. அந்த மலைப்பாதையும் அதே மழையில்தான் நனைகிறது. 2024 ஜூலை 26 அன்று எடகுமேரிக்கும் கடகரவள்ளிக்கும் இடையே அங்கேயும் சரிந்தது. ஒரே மாதத்தில் கொங்கண் பாதையும் இந்த மலைப்பாதையும்!

பாலக்காடு வழி மட்டும் ஏன் எப்போதும் கைகொடுக்கிறது?

மேற்குத் தொடர்ச்சி மலையில் அங்கே பெரிய இடைவெளி இருக்கிறது. ஏறக்குறைய 30 கிலோமீட்டர் அகலம். சுரங்கம் வேண்டாம், செங்குத்தான ஏற்றம் வேண்டாம், பின்னாலிருந்து தள்ள இன்ஜின் வேண்டாம். இரட்டைப் பாதையும் இருக்கிறது. எத்தனை ரயில் வந்தாலும் ஓரளவு ஏற்றுக்கொள்ளும்.

"எப்போதும்" என்று சொல்வதும் சரியில்லை. 2018 ஆகஸ்ட் வெள்ளத்தில் கேரளத்துக்குள்ளேயே பாதைகள் துண்டிக்கப்பட்டன. அப்போது திருவனந்தபுரத்திலிருந்து கிளம்பிய நெடுந்தூர ரயில்கள் நாகர்கோவில், திருநெல்வேலி, மதுரை வழியாக விடப்பட்டன.

திருநெல்வேலியில் ஏறுகிறேன். கொங்கண் அடைபட்டது என்று முன்பே தெரிந்தும், மதுரை வழியாக நேரே விடாமல் ஏன் திருவனந்தபுரம், எர்ணாகுளம் எல்லாம் சுற்றிக் கோவைப் பக்கம் கொண்டுவருகிறார்கள்?

நியாயமான எரிச்சல்தான். திருநெல்வேலியிலிருந்து ஈரோட்டுக்கு மதுரை, கரூர் வழியாக எளிதாக வந்துவிடலாம். நீங்கள் கேரளத்தின் நீளம் முழுவதையும் அளந்துவிட்டு அதே ஈரோட்டுக்கு வந்து சேர்கிறீர்கள். ஆனால் அந்த ரயிலில் இடம் பிடித்திருப்பவர்களில் பெரும்பகுதி கேரளத்தில் ஏறுபவர்கள். அவர்களை விட்டுவிட்டு ரயிலை நடத்துவதில் பொருளில்லை. பாதை மாற்றத்தில் கடைப்பிடிக்கப்படும் எழுதாத கணக்கு இது: வழக்கமான வழியில் எவ்வளவு தூரம் போக முடியுமோ அவ்வளவு தூரம் போய்விட்டுத்தான் திரும்ப வேண்டும். கிளம்பும் ஊர்க்காரருக்கு நட்டம், நடுவழி ஊர்க்காரருக்கு லாபம்.

அவசரம் என்றால், நாகர்கோவிலிலிருந்து மதுரை, சேலம், குந்தக்கல், சோலாப்பூர், புனே வழியாக மும்பை செல்லும் ரயிலில் இடம் கிடைக்கிறதா என்று பாருங்கள். அது கொங்கண் பக்கமே போவதில்லை.

அப்படியானால் அந்த ரயிலுக்குப் பாதிப்பே இருக்காதா?

இருக்கும். திருப்பிவிடப்பட்ட ரயில்கள் அத்தனையும் குந்தக்கல் – சோலாப்பூர் – புனே தடத்தில்தான் வந்து நுழைகின்றன. அங்கே ஏற்கெனவே சென்னை – மும்பை, பெங்களூரு – மும்பை ரயில்களும் சரக்கு ரயில்களும் நிரம்பி ஓடுகின்றன. அட்டவணையில் இடமில்லாத விருந்தாளி வந்தால் சில மணி நேரத் தாமதம் வீட்டுக்காரருக்கும் சேர்த்துத்தான்.

லோண்டா வழிதான் தூரம் குறைவு. எல்லா ரயிலையும் அந்த வழியில் அனுப்பினால் என்ன?

வரைபடத்தில் குறைவு, மலையில் அப்படியில்லை. குலெமுக்கும் காசல்ராக்குக்கும் இடையே ஏற்றம் 37க்கு 1. அதாவது 37 மீட்டர் நகர்ந்தால் ஒரு மீட்டர் உயரம். ரயிலுக்கு இது மிகக் கடுமையான ஏற்றம். முன்னால் இழுக்கும் இன்ஜின் போதாது. பின்னாலிருந்து தள்ள உதவி இன்ஜின்களும் வேண்டும். ஏற்றிவிட்டு அவை கீழே இறங்கி வந்தால்தான் அடுத்த ரயில். தூத்சாகர் அருவியைக் காட்டிப் படம் எடுத்துப் போடுகிறார்களே, அந்த மலைதான். மர்மகோவா துறைமுகத்துச் சரக்கு ரயில்களும் அதே வழியில்தான் ஏற வேண்டும். மழைக்காலத்தில் இந்த மலையும் சரிவதுண்டு. ஒரு நாளைக்குச் சில ரயில்களைக் கூடுதலாக ஏற்றலாம். வரிசையாக எல்லாவற்றையும் ஏற்ற முடியாது. மட்காவில் மாட்டிக்கொண்டவற்றுக்கு முதலிடம் கொடுப்பது அதனால்தான்.

யார் முடிவெடுக்கிறார்கள்? அறிவிப்பு ஏன் கடைசி நேரத்தில் வருகிறது?

ஒரே அலுவலகம் முடிவெடுத்தால் விரைவாக முடியும். திருவனந்தபுரத்திலிருந்து மும்பைக்குப் போகும் ஒரு ரயிலைச் சோலாப்பூர் வழியாகத் திருப்ப, கொங்கண் ரயில்வேயும் தெற்கு ரயில்வேயும் மத்திய ரயில்வேயும் இடையிலுள்ள மற்ற மண்டலங்களும் ஒப்புக்கொள்ள வேண்டும். ஒவ்வொரு மண்டலத்திலும் கட்டுப்பாட்டு அறையில் இருப்பவர் தன் தடத்தில் இடம் இருக்கிறதா, இன்ஜின் இருக்கிறதா, ஓட்டுநர் இருக்கிறாரா என்று பார்த்துச் சொல்ல வேண்டும்.

ஓட்டுநர் விஷயம் பலருக்குத் தெரியாது. லோகோ பைலட் எந்தப் பாதையிலும் போய் ஓட்டிவிட முடியாது. ஒரு தடத்தின் சிக்னல்கள், வளைவுகள், ஏற்ற இறக்கங்களை, இரவிலும் உட்பட, உடன் பயணம் செய்து பழகி, "எனக்கு இந்தப் பாதை தெரியும்" என்று கையெழுத்திட்ட பிறகே அங்கே ஓட்ட முடியும். கொஞ்சக் காலம் அந்தப் பக்கம் போகாவிட்டால் மறுபடியும் பழக வேண்டும். ஆகவே திருப்பிவிடப்பட்ட ரயிலுக்கு வழியில் பல இடங்களில் அந்தந்தப் பகுதிக்காரர்கள் வந்து ஏறுகிறார்கள். அவர்கள் எல்லோருக்கும் ஏற்கெனவே வேறு ரயில்களில் வேலை ஒதுக்கப்பட்டிருக்கும்.

இன்னொரு காரணமும் உண்டு. மண்ணை அள்ள எத்தனை மணி நேரமாகும் என்று முதல் மணி நேரத்தில் யாராலும் சொல்ல முடியாது. திவாண்கவடியில் ஏறக்குறைய ஒரு நாளில் பாதை திறந்தது. பெர்ணெமில் 2020இல் வாரக்கணக்கானது. சீக்கிரம் திறந்துவிடும் என்று நம்பிக் காத்திருப்பதா, இப்போதே திருப்பிவிடுவதா என்ற தடுமாற்றத்தின் விளைவைத்தான் உங்கள் கைபேசிக்கு நள்ளிரவில் வரும் குறுஞ்செய்தியில் பார்க்கிறீர்கள். அவர்களைக் குறைசொல்வது எளிது. ஆனால் பயணிக்குத் தகவல் தருவதில் இன்னும் நேர்மையாக இருக்கலாம் என்பது என் கருத்து. "இன்னும் முடிவாகவில்லை" என்பதும் ஒரு தகவல்தான்; அதை யாரும் சொல்வதில்லை.

எவ்வளவு தாமதமாகும்?

ஷொர்ணூரிலேயே கிழக்கே திரும்பிவிட்டால், அரை நாளுக்குக் குறையாத தாமதத்துக்குத் தயாராக இருங்கள். கொங்கண் பாதை வருவதற்கு முன் மும்பையிலிருந்து கொச்சிக்கு 1,849 கிலோமீட்டர், பிறகு 1,336. மங்களூருவுக்கு வித்தியாசம் இன்னும் பெரிது: 2,041இலிருந்து 914. இன்று நாம் "சுற்றுவழி" என்று அலுத்துக்கொள்ளும் பாதைதான் 1998க்கு முன் மும்பையில் வேலை பார்த்த கேரளத்தவர்கள் ஒவ்வொரு விடுமுறைக்கும் போன வழக்கமான பாதை.

கூடுதல் தூரத்துக்குக் கூடுதல் கட்டணம் கேட்பார்களா?

கேட்கமாட்டார்கள். ரயில்வே தன் தேவைக்காக வழி மாற்றினால், எடுத்த டிக்கெட்டே போதும். உங்கள் டிக்கெட்டில் அச்சாகியிருக்கும் கிலோமீட்டர் கணக்கைப் பார்த்துக் குழம்ப வேண்டாம். கொங்கண் பகுதிக்குப் பயணிகள் கட்டணத் தூரத்தை உண்மைத் தூரத்தைவிட 40 சதவீதம் கூட்டித்தான் கணக்கிடுகிறார்கள். கட்டுமானச் செலவை மீட்க வைத்த ஏற்பாடு அது.

போக விருப்பமில்லை. முழுப் பணமும் திரும்பக் கிடைக்குமா?

கிடைக்கும், ஆனால் தானாக வராது. பலர் ஏமாறும் இடம் இதுதான். ரயில் முழுவதுமாக ரத்தானால் இணையத்தில் எடுத்த டிக்கெட்டுக்குப் பணம் தானாகவே கணக்குக்கு வந்துவிடும். வழி மாறினால் நீங்கள்தான் கேட்க வேண்டும். டிக்கெட்டைச் சாதாரணமாக ரத்து செய்துவிடாதீர்கள். ரத்துக் கட்டணம் பிடித்துக்கொள்வார்கள். ஐஆர்சிடிசி கணக்கில் டிடிஆர் (பணத்தைத் திரும்பக் கேட்கும் விண்ணப்பம்) என்ற பகுதிக்குப் போனால் காரணங்களின் பட்டியல் இருக்கும். "ரயில் வழி மாறியது, பயணம் செய்யவில்லை" என்பது ஒன்று. "ஏறும் நிலையத்துக்கு வரவில்லை", "இறங்கும் நிலையத்துக்குப் போகவில்லை" என்பவை தனித்தனியாக இருக்கும். உங்கள் நிலைமைக்குச் சரியானதைத் தேர்ந்தெடுங்கள். 72 மணி நேரம் வரை அவகாசம் உண்டு என்றாலும் அன்றைக்கே பதிந்துவிடுவது நல்லது. கவுன்ட்டரில் எடுத்த டிக்கெட் என்றால் நிலையத்துக்கு நேரில்தான் போக வேண்டும்.

வழி மாறாமல், மூன்று மணி நேரத்துக்கு மேல் தாமதமாக வந்தாலும் பயணம் செய்யாமல் முழுப் பணம் கேட்கலாம். அதற்கு ரயில் உண்மையில் கிளம்புவதற்கு முன்பே பதிவு செய்திருக்க வேண்டும்.

மாற்றுப் பாதையில் என் ஊர் வருகிறது. அங்கே ஏறிக்கொள்ளலாமா?

ஈரோட்டுக்காரர் ஒருவர் கோவையில் ஏற டிக்கெட் எடுத்திருக்கிறார், இப்போது அதே ரயில் ஈரோடு வழியாகவே வருகிறது. ஆசை வருவது இயல்பு. அறிவிப்பில் "கூடுதல் நிறுத்தம்" என்று அந்த நிலையத்தின் பெயர் இருந்தால் மட்டும் யோசியுங்கள். இல்லாவிட்டால் ரயில் அங்கே நிற்கலாம், நிற்காமலும் போகலாம். நின்றாலும் சிக்னலுக்காக ஊருக்கு வெளியே நிற்கும். ரயில்வே உதவி எண் 139இல் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். ரயில் எங்கே வருகிறது என்று காட்டும் தனியார் செயலிகள் வழி மாறிய நாளில் பழைய பாதையையே காட்டிக்கொண்டிருப்பதுண்டு. ரயில்வேயின் சொந்த விசாரணைத் தளத்தில் வழி மாறிய ரயில்களின் பட்டியல் தனியாகவே இருக்கிறது.

மழைக்கால அட்டவணையும் இதுவும் ஒன்றா?

இல்லை. மழைக்கால அட்டவணை முன்கூட்டியே திட்டமிட்டது; பாதை அதேதான், நேரம் மட்டும் மாறும். முன்பு ஜூன் 10 முதல் அக்டோபர் 31 வரை இருந்தது. 2025இல் ஜூன் 15 முதல் அக்டோபர் 20 வரை என்று சுருக்கினார்கள். இப்படியொரு அட்டவணை இருப்பதன் பின்னணி கசப்பானது. 2003 ஜூன் 22 அன்று வைபவ்வாடி அருகே பாதையில் விழுந்த பாறைகளில் ரயில் மோதி ஐம்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அடுத்த ஆண்டு ஜூன் 16 அன்று கரஞ்சாடி அருகே மத்ஸ்யகந்தா எக்ஸ்பிரஸ் அதே போலப் பாறையில் மோதித் தடம் புரண்டது. இன்று கன மழையில் முன்னால் தெரியாத அளவுக்குப் போனால் 40 கிலோமீட்டர் வேகத்துக்கு மேல் போகக் கூடாது என்பது ஓட்டுநர்களுக்கு உத்தரவு. மழைக்காலம் முழுவதும் அறுநூறுக்கும் மேற்பட்ட காவல் ஊழியர்கள் இரவும் பகலும் பாதையில் நடக்கிறார்கள். ஆறுகளில் வெள்ள எச்சரிக்கைக் கருவிகளும் பெரிய பாலங்களில் காற்றின் வேகத்தை அளக்கும் கருவிகளும் இருக்கின்றன. பாதை அடிக்கடி "முன்னெச்சரிக்கையாக" மூடப்படுவது இந்தக் காவல் ஊழியர்கள் கண்ணில் ஆபத்து ஏதாவது பட்டதால்தான். அதைத் தொல்லை என்று நினைப்பவர்கள் 2003ஐ நினைத்துக்கொள்ளலாம்.

நான் ஏற்கெனவே ரயிலில் இருக்கிறேன். முன்னால் அடைபட்டுவிட்டது. என்ன நடக்கும்?

பெரும்பகுதி ஒற்றைப் பாதை என்பதால் நினைத்த இடத்தில் திரும்ப முடியாது. அடைப்புக்கு முந்தைய ஏதாவது ஒரு பெரிய நிலையத்தில் நிறுத்திவைப்பார்கள். சில மணி நேரத்தில் சரியாகும் என்றால் அங்கேயே காத்திருப்பு. இல்லையென்றால் ரயிலை அங்கேயே முடித்து, பஸ்களில் ஏற்றி அடைப்பைத் தாண்டிக் கொண்டுபோவார்கள், அல்லது வந்த வழியே பின்னோக்கிக் கொண்டுபோய் வேறு பாதையில் விடுவார்கள். மங்களூரு பக்கமிருந்து வந்து மட்காவில் லோண்டா பக்கம் திரும்பும் ரயிலில் இன்ஜினை மறுமுனைக்கு மாற்றுவார்கள். முன்னால் இருந்த உங்கள் பெட்டி கடைசியாகிவிடும். இறங்கித் தேநீர் குடிக்கப் போனவர்கள் பெட்டியைத் தேடி நடைமேடை முழுவதும் ஓடுவது அப்போதுதான்.

சாப்பாடும் தண்ணீரும் வழக்கமான நிலையங்களைக் கணக்கிட்டு ஏற்றப்பட்டவை. வழி மாறினால் அந்தக் கணக்கு தவறிவிடும். கழிவறைத் தண்ணீர் முதலில் தீரும். 139இலோ ரயில்மதத் செயலியிலோ புகார் பதிந்தால் அடுத்த பெரிய நிலையத்தில் நிரப்புவார்கள். மருந்து சாப்பிடுபவர்கள் இரண்டு நாளுக்குக் கூடுதலாகக் கையில் வைத்துக்கொள்வது நலம்.

பாதை நேற்றே திறந்துவிட்டது. இருந்தும் இன்று என் ரயிலை ரத்து என்கிறார்களே?

நீங்கள் ஏற வேண்டிய ரயிலுக்கான பெட்டிகள் இன்னும் ஊர் வந்து சேரவில்லை. காந்திதாமிலிருந்து வரும் பெட்டிகள்தான் நாகர்கோவிலில் கழுவி, பராமரித்து, திரும்பக் கிளம்பும். அவை சோலாப்பூர் வழியாகச் சுற்றிக்கொண்டு பதினைந்து மணி நேரம் தாமதமாக வந்தால், கிளம்பும் ரயிலும் தாமதம், அல்லது ரத்து. வாரம் ஒரு முறை ஓடும் ரயில் என்றால் மாற்றுப் பெட்டித் தொகுதியும் பெரும்பாலும் இருக்காது. ஆகவே பாதை திறந்த செய்தியைப் பார்த்தபின் இன்னும் ஒன்றைப் பாருங்கள்: உங்கள் ரயிலின் எதிர்த்திசை ரயில் இப்போது எங்கே வந்துகொண்டிருக்கிறது என்று அதன் எண்ணைப் போட்டுத் தேடுங்கள். அது இன்னும் மகாராஷ்டிரத்தைத் தாண்டவில்லை என்றால், நாளைக் காலை நிலையத்துக்கு ஆட்டோ சொல்லிவைக்க அவசரப்பட வேண்டாம்.